அரைமண்டியும் சமநிலையும்

நடனம் பயிலும் சிறுமி ஒருத்தி சுவரைப் பற்றிக்கொண்டு நிற்கும்போது அவளுடைய நிலை ஒருவாறு அமைந்துவிடுகிறது. சுவரை விட்டு அறையின் நடுவே வந்து நின்றதும் அந்நிலை குலைகிறது. பாலே என்னும் மேனாட்டு நடனத்தைப் பயில்வோர் இதனை நன்கறிவர். அவர்களுடைய பயிற்சிக் கூடங்களில் சுவரோரமாக, இடையளவு உயரத்தில், நீண்டதொரு மரச்சட்டம் பொருத்தப்பட்டிருக்கும். வகுப்பின் முற்பகுதி முழுவதும் அச்சட்டத்தைப் பிடித்தபடியே கழியும். அதன்பின் சட்டத்தை விட்டு நடுத்தளத்துக்கு வருவர். கைப்பிடி இருந்தபோது மறைந்திருந்த குறைகளெல்லாம் நடுத்தளப் பயிற்சியிலே தாமாக வெளிப்பட்டுவிடும். பரதநாட்டியத்திலோ கைப்பிடிச் சட்டம் என்பதே கிடையாது. தட்டடவு தொடங்கும் முதல் நாளிலேயே குழந்தை நடுத்தளத்தில் நிற்கிறாள். மேனாட்டு மாணாக்கி பாதி வகுப்பு முடிந்தபின் எதிர்கொள்ளும் வினாவை நம் குழந்தை முதல் நிமிடத்திலேயே எதிர்கொள்கிறாள் என்று கூறலாம்.

யாழ்ப்பாணத்துத் தீவகத்தில் இந்த வினா சற்றுக் கடுமையாகவே எழுகிறது. நடனம் இன்று அரசாங்கப் பாடசாலைகளில் அழகியற் பாடங்களுள் ஒன்று. தமிழ்த்தினப் போட்டிகளிலும் அதற்கு இடமுண்டு. 1931ஆம் ஆண்டில் தோன்றிய வட இலங்கைச் சங்கீத சபையின் தரத் தேர்வுகளுக்கும் பிள்ளைகள் தோற்றுகின்றனர். ஆனால் நெடுந்தீவிலோ நயினாதீவிலோ நடனம் கற்கும் பிள்ளைக்கு ஆசிரியையின் கண் நாடோறும் கிடைப்பதில்லை. கடல் கொந்தளித்தால் படகு இல்லை. படகு இல்லையேல் அன்றைய வகுப்பும் இல்லை. வகுப்புக்கும் வகுப்புக்கும் இடைப்பட்ட நாள்களில் பிள்ளை வீட்டு விறாந்தையில், சீமெந்துத் தரையில், தனியே பயில்கிறாள். ஆசிரியை காணாத அந்த நாள்களில் அவள் எவ்வாறு நிற்கிறாள் என்பதே அவளுடைய முழங்கால்களின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கிறது.

இதற்கு வேறொரு பக்கமும் உண்டு. 1990, 1991 ஆகிய ஆண்டுகளில் போர் காரணமாகத் தீவகத்து மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். அவர்களுட் பலருடைய பேரப்பிள்ளைகள் இன்று ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் வளர்கின்றனர். அங்கே ஒரே பிள்ளை ஒருநாள் பாலே வகுப்புக்கும் மறுநாள் பரதநாட்டிய வகுப்புக்கும் செல்வதுண்டு. ஓரிடத்தில் ‘டேர்ன் அவுட்’ என்கிறார்கள். மற்றோரிடத்தில் ‘அரைமண்டியில் இரு’ என்கிறார்கள். இரண்டும் உடலின் ஒரே மூட்டைப் பற்றிய பேச்சுத்தான் என்பதை அப்பிள்ளைக்கு எடுத்துச் சொல்வார் அரியர்.

அந்த மூட்டு இடுப்பு மூட்டு. பாலேயின் ‘டேர்ன் அவுட்’ என்பதைத் தமிழில் வெளித்திருப்பம் எனலாம். தொடை முழுவதும் இடுப்பிலிருந்து வெளிப்புறமாகத் திரும்ப, முழங்காலும் பாதமும் அதனைப் பின்பற்றிப் பக்கவாட்டை நோக்குவதே வெளித்திருப்பமாகும். பிரான்சு நாட்டில் பதினான்காம் லூயி மன்னன் 1661ஆம் ஆண்டில் அரச நடனக் கழகத்தை நிறுவினான். அந்நூற்றாண்டிலேயே பாதங்களின் ஐந்து அடிப்படை நிலைகள் வகுக்கப்பட்டன. அக்காலத்துத் திருப்பம் மிதமானது. மேடைக் கலை வளர வளர அது மிகுந்துகொண்டே சென்று, இரு பாதங்களும் ஒரே நேர்கோட்டில் அமையவேண்டும் என்னும் இலட்சியமாக முடிந்தது. தமிழ்நாட்டு ஆட்டமரபு இதற்கெல்லாம் நெடுங்காலம் முந்தியது. சிதம்பரத்துக் கோபுரங்களில் செதுக்கப்பட்ட கரணச் சிற்பங்களிலே முழங்கால்கள் இருபுறமும் விரிந்து மடிந்திருப்பதைக் காணலாம். கண்டி நடனத்தின் ‘மண்டிய’ என்னும் நிலையும் இதற்கு உறவினதே. காலை வெளியே திருப்பி ஆடுதல் எவரும் எவரிடமும் கடன் வாங்கியதன்று. முன்னும் பின்னும் பக்கமும் தடையின்றிக் காலை வீசவேண்டிய ஆடற்கலை எதுவும் ஏறக்குறைய இந்நிலைக்கே வந்து சேர்கிறது.

இரு மரபுகளும் ஒருவர் உடலிலே சந்தித்த நிகழ்ச்சியும் உண்டு. கலாக்ஷேத்திரத்தை 1936இல் நிறுவிய உருக்மிணிதேவி அருண்டேல், இரசிய நடனமணி அன்னா பாவ்லோவாவின் குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் பாலே பயின்றவர். தாய்நாட்டுக் கலையை நாடுமாறு அவருக்குக் கூறியவர் பாவ்லோவாவே என்பர். பின்னர் அவர் பந்தனைநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பரதம் கற்று, 1935இல் அடையாற்றில் மேடையேறினார். அவர் வளர்த்த பாணியின் நேர்கோட்டழகிலே பாலேயின் தடம் உண்டென்று கருதுவோர் பலர். யாழ்ப்பாணத்து நடன ஆசிரியருட் சிலர் கலாக்ஷேத்திரத்தில் கற்றுத் திரும்பியவர்கள். 1960இல் மருதனார்மடத்தில் தோன்றிப் பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த இராமநாதன் நுண்கலைக் கழகத்தில் கற்று வெளிவந்தோர் பலர். ஆகவே, தீவகத்துப் பாடசாலையொன்றில் ‘இன்னும் இரு, இன்னும் விரி’ என்று எழும் குரலுக்கு நீண்ட வரலாறு உண்டு.

‘இன்னும் விரி’ என்பது எதனை விரிப்பது என்று கேட்டால், பெரும்பாலான பிள்ளைகள் பாதத்தைக் காட்டுவர். பிழை அங்கேதான் தொடங்குகிறது. இடுப்பு மூட்டு பந்துக் கிண்ண மூட்டு. தேங்காய்ச் சிரட்டைக்குள் ஒரு பந்து உருள்வதுபோலத் தொடையெலும்பின் தலை இடுப்பெலும்பின் குழிக்குள் எத்திசையிலும் திரும்பவல்லது. முழங்காலோ கதவின் பிணைச்சல் போன்றது. மடங்கும், நிமிரும், மடங்கிய வேளையில் மிகச் சிறிதளவே சுழலும். பிணைச்சலைப் பக்கவாட்டில் முறுக்கினால் கதவு திறவாது, ஆணிதான் கழன்றுவரும். முழங்காலைத் திருகித் திருப்பத்தைப் பெற முயல்வதும் இத்தகையதே.

இரு பாதங்களும் ஒரே கோட்டில், அதாவது 180 பாகையில், அமையவேண்டுமாயின் ஒவ்வொரு காலும் 90 பாகை திரும்பவேண்டும். பெரும்பாலோருடைய இடுப்பு மூட்டு ஏறக்குறைய 40 முதல் 50 பாகை வரையே வெளித்திரும்பும். பயிற்சியினால் சிலர் இதனைச் சிறிது பெருக்கிக்கொள்வர். மூட்டின் முன்புறத்தில் உடலிலேயே மிக வலிய இணையம் ஒன்று குறுக்கே நின்று தடுக்கிறது. தொடையெலும்பின் கழுத்து இயல்பாகவே சற்று முன்னோக்கி முறுகியிருப்பதும் கருதற்பாலது. பிறந்த குழந்தையில் இம்முறுக்கு 30 முதல் 40 பாகை வரை இருக்கும். வளர வளரக் குறைந்து 15 பாகை அளவில் நிற்கும். எவருக்கு அது மிகுதியாக எஞ்சிவிடுகிறதோ அவருக்கு வெளித்திருப்பம் குறைவு. இஃது எலும்பின் அமைப்பு. தட்டுக்கழியால் எலும்பைத் திருத்த இயலாது.

இடுப்பு கொடுக்காததைப் பிள்ளை வேறிடங்களிலிருந்து திருடிக் கொடுக்கிறாள். முதலாவதாக, இடுப்பைப் பின்தள்ளி, முதுகின் கீழ்ப்பகுதியைக் குழித்துக்கொள்கிறாள். அவ்வாறு செய்தால் மேற்கூறிய இணையம் தளர்ந்து தொடை இன்னுஞ் சிறிது திரும்பும். அதற்குரிய விலையை முதுகு செலுத்தும். அது போதாதபோது பாதங்களை நிலத்தில் அகலத் திருப்பி ஊன்றிக்கொண்டு, முழங்கால்களை முன்னோக்கியபடியே விட்டுவிடுகிறாள். சீமெந்துத் தரையின் உராய்வு பாதத்தை இறுகப் பற்றிக்கொள்வதால் கணைக்கால் ஒருபுறமும் தொடை மறுபுறமுமாக முழங்கால் முறுக்குண்கிறது. அதன் கீழே உள்ளங்கால் வளைவு சரிந்து, கணுக்கால் உள்நோக்கி விழுகிறது. பார்வையாளருக்குப் பாதங்கள் அழகாக விரிந்திருப்பதே தெரியும். பரீட்சகர் சிலருக்கும் அவ்வளவே தெரிகிறது என்பது வருந்தத்தக்கது.

பாலேயினும் பரதத்திலே இப்பிழையின் கேடு பெரிது. பாலே மாணாக்கி முழங்காலைச் சிறிது மடித்து உடனே நிமிர்கிறாள். அவளுடைய கலை மேலெழுதலையே நாடுகிறது. பரதத்தில் முழங்கால் மடிந்த நிலையே வீடு. மூன்று காலங்களிலும் அடவு முடியும்வரை அங்கேயே இருக்கவேண்டும். அரைமண்டியில் இருப்பவளின் உயரம் நான்கிலொரு பங்கு குறைய வேண்டுமென்று அளவு கூறும் ஆசிரியரும் உளர். மடிந்த முழங்காலின் முன்னுள்ள சில்லெலும்பு தொடையெலும்பின்மேல் அழுந்துகிறது. தட்டும் தட்டின் அதிர்ச்சி ஒவ்வொரு முறையும் அதன் வழியே மேலேறுகிறது. மேனாட்டு நடனக் கூடங்களில் மரத்தளத்தின் அடியிலே வில்போல் இசைந்து கொடுக்கும் அமைப்பு உண்டு. வேலணையிலோ புங்குடுதீவிலோ உள்ள வகுப்பறைத் தரை இறுகிய மண்மேல் இட்ட சீமெந்து. அது எதனையும் ஏற்றுக்கொள்ளாது. முழுவதையும் காலுக்கே திருப்பிக் கொடுத்துவிடும். நேரான காலுக்கு அது தாங்கக்கூடியதே. முறுகிய காலுக்கு ஆயிரம் தட்டு என்பது ஆயிரம் திருகு.

சரியான திருப்பம் எப்படியிருக்கும் என்று காட்டத் தீவகத்தில் மேடை தேடவேண்டியதில்லை. பனைமரம் ஏறும் தொழிலாளியைக் கண்டால் போதும். இரு பாதங்களையும் தளைநாரில் கோத்து, உள்ளங்கால்களால் மரத்தை இருபுறமும் அணைத்து, முழங்கால்களை விரித்து மடித்து, அவர் உந்தி எழுகிறார். தொடை இடுப்பிலிருந்து திரும்பியிருக்கிறது. முழங்கால் தொடை காட்டிய திசையில் மடிகிறது. பாதம் முழங்கால் காட்டிய திசையில் நிற்கிறது. முதுகு குழியவில்லை, குழிந்தால் மரத்தை விட்டு உடல் விலகி உயிருக்கே ஆபத்தாகும். அவருக்கு இதனைக் கற்பித்த நட்டுவனார் எவருமில்லை. இத்தொழிலின் அருமையைச் சமூகம் நெடுங்காலம் மதியாதிருந்தது வேறு கதை. ஆயினும் அரைமண்டியின் இலக்கணத்தை அவருடைய உடல் நாளுக்கு எத்தனையோ முறை எழுதிக் காட்டுகிறது.

ஒருத்தி தன்னுடைய திருப்பத்தின் அளவை அறிய விரும்பினால் வழி எளிது. பாயிலே குப்புறப் படுத்து, ஒரு முழங்காலைச் செங்கோணமாக மடித்து, அந்தக் கணைக்காலை மற்றக் காலின் பக்கமாக மெல்லச் சாயவிட வேண்டும். இடுப்பெலும்பு பாயை விட்டு எழாமல் எவ்வளவு சாய்கிறதோ அவ்வளவே அத்தொடை இயல்பாகத் தரும் திருப்பம். அது மூட்டு தரும் அளவு. தசையால் பிடித்துவைக்கும் அளவை அறிவதற்கு வேறொரு சோதனை உண்டு. வழுவழுப்பான தரையில் இரண்டு பழந்துணிகளை மடித்து வைத்து, ஒவ்வொன்றின்மேல் ஒரு பாதமாக, யன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்று தொடைகளைத் திருப்புக. துணி வழுக்குவதால் தரையின் உராய்வு துணை செய்யாது. அப்பொழுது பாதங்கள் எங்கே நிற்கின்றனவோ அங்கேதான் அவளுடைய உண்மையான அரைமண்டி. வகுப்பில் அவள் காட்டும் விரிவுக்கும் இதற்கும் மூன்று விரற்கடை வேறுபாடிருந்தால் அந்த மூன்று விரற்கடையும் முழங்கால் சுமக்கும் கடன்.

மடியும்போது இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். முழங்காற் சில்லின் நடுவிலிருந்து மேசன்மார் பிடிக்கும் தூக்குக்குண்டு ஒன்றைத் தொங்கவிட்டால் அது பாதத்தின் இரண்டாம் விரலை நோக்கி விழவேண்டும். பெருவிரலுக்கு உட்புறம் விழுமாயின் பாதம் அளவுக்கு மீறித் திரும்பியுள்ளது. அப்போது முழங்காலைப் பின்னுக்கு இழுக்க முயலலாகாது. பாதத்தைச் சிறிது உள்ளே கொண்டுவருவதே முறை. கொஞ்சம் குறைந்த திருப்பத்தில் நேராக நிற்பவள் பார்வைக்கும் அழகாகவே இருக்கிறாள். அவளுடைய தொடையும் காலும் ஒரே வாக்கியமாக அமைகின்றன.

திருப்பத்தைத் தருவன தொடைக்கு வெளியே தெரியும் பெருந்தசைகள் அல்ல. பிட்டத்தின் அடியிலே ஆழத்தில் ஆறு சிறு தசைகள் உண்டு. அவையே தொடையைத் திருப்பிப் பிடித்துவைக்கும். அவற்றை வலுவாக்க, பக்கவாட்டில் படுத்து, இரு முழங்கால்களையும் மடித்து, குதிகால்கள் ஒட்டியபடியிருக்க, மட்டி வாய் திறப்பதுபோல மேல் முழங்காலை மட்டும் உயர்த்தி இறக்கவேண்டும். இடுப்பு பின்னோக்கி உருளக்கூடாது. உருளாமற் செய்தால் விரிவு சிறிதாகவே இருக்கும், அதுவே சரி. பன்னிரண்டு முறை செய்தபின் பிட்டத்தின் ஆழத்தில் ஒரு களைப்புத் தோன்றுமாயின் உரிய தசை வேலை செய்தது என்க.

இனிச் சமநிலை. அது மூன்று வாயில்களால் வருகிறது. உட்செவியிலுள்ள மூன்று அரைவட்டக் குழல்கள் தலையின் சுழற்சியை மூளைக்கு அறிவிக்கின்றன. கண் சுற்றுப்புறத்தைக் கொண்டு நிமிர்வை அறிகிறது. மூன்றாவது வாயில், உள்ளங்காலின் தோலிலும் மூட்டுகளிலும் தசைகளிலும் பரவிக் கிடக்கும் உணர்ச்சி. பாலே ஆடுபவள் நடுத்தளத்தில் நிற்கும்போதும் சுழலும்போதும் எதிர்ச் சுவரில் ஒரு புள்ளியைக் கண்ணாற் பற்றிக்கொள்கிறாள். அது அவளுக்குக் கைப்பிடிச் சட்டத்தின் மறுபிறவி. பரதநாட்டியப் பெண்ணுக்கு அந்த வசதி மிகக் குறைவு. கையின் போக்கைக் கண் தொடரவேண்டும் என்பது அபிநயதர்ப்பணத்தின் விதி. கண் கையோடு சென்றுவிட்டால், உடலை நிறுத்தும் பொறுப்பு உள்ளங்காலின் மேலேயே விழுகிறது. நம் நடனத்தின் சமநிலை கண்ணினும் காலை நம்பியது என்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே.

ஆதலால் தீவகத்து வகுப்பறைகளில் பெரிய நிலைக்கண்ணாடி இல்லையே என்று வருந்துவது முற்றிலும் பொருத்தமன்று. கண்ணாடி நிலையைத் திருத்த உதவும். ஆனால் நாளடைவில் அதுவே ஊன்றுகோலாகிவிடும். கண்ணாடி முன் அசையாமல் நின்றவள் மேடையில் இருளை எதிர்நோக்கியதும் தடுமாறுவதுண்டு. அதற்குப் பதிலாகத் தோழி ஒருத்தி எதிரே நின்று, முழங்கால் எங்கே, முதுகு எப்படி, உள்ளங்கால் வளைவு நிற்கிறதா என்று பார்த்துச் சொன்னால் போதும். சொல்பவளும் கற்றுக்கொள்வாள்.

பாதம் எவ்வாறு ஊன்றவேண்டும்? குதிகால், பெருவிரலின் அடி, சிறுவிரலின் அடி என மூன்று இடங்களில் நிறை சமமாக இறங்கவேண்டும். அடுப்புக்கு மூன்று கல் வைப்பதுபோல. வலிந்து திருப்பிய பாதத்தில் சிறுவிரற் பக்கம் எழுந்துவிடும்; மூன்று கல் இரண்டாகும்; பானை சரியும். திருப்பத்தைப் பற்றிய பேச்சும் சமநிலையைப் பற்றிய பேச்சும் இவ்விடத்தில் ஒன்றாகிவிடுகின்றன. தன் அளவுக்கு மீறித் திரும்பியவள் எவ்வளவு பயின்றாலும் ஒற்றைக்காலில் நிலையாக நிற்கமாட்டாள். ஏனெனில் நிற்பதற்குரிய பாதம் அவளிடம் இல்லை.

வீட்டில் தனியே பயில்பவள் பாலேயாரின் முறையைச் சிறிது கடன் வாங்கலாம். யன்னல் விளிம்பில் இரண்டு விரல்களை மட்டும் வைத்து, அரைமண்டியில் இருந்து, ஒரு காலை மெல்ல உயர்த்துக. மூச்சு இயல்பாக வந்து போகும்வரை நின்று, பின்னர் ஒரு விரலாகக் குறைத்து, பின்னர் அதனையும் எடுத்துவிடுக. கையை எடுத்த கணத்தில் இடுப்பு ஒருபுறம் சரிந்தால் அதுவரை அவளைத் தாங்கியது யன்னலே. பத்து எண்ணும்வரை நிற்க முடிந்தபின் கண்ணை வலப்புறமும் இடப்புறமும் ஓட்டிப் பார்க்கலாம். அதன்பின் கையைக் கண் தொடரப் பார்க்கலாம். இறுதியிலேயே கண்ணை மூடவேண்டும். கண்ணை மூடியதும் கணுக்காலைச் சுற்றிச் சிறு துடிப்புகள் எழும். அவை குறையல்ல. உள்ளங்கால் பேச, கணுக்கால் கேட்டுத் திருத்திக்கொள்வதன் அடையாளம் அவை. கெந்தி விளையாடும் சிறுமியர் இந்தப் பாடத்தை அறியாமலே கற்றுவருகின்றனர். நடனம் கற்கும் பிள்ளையைக் கெந்தித் தொடுதலினின்றும் கிளித்தட்டினின்றும் விலக்கிவைக்கும் பெற்றோர் அவளுக்கு நன்மை செய்வதாகத் தோன்றவில்லை. கோவில் வீதி மணலில் வெறுங்காலோடு ஒற்றைக்காலில் நின்று பழகுவதும் கணுக்காலுக்கு நல்லது. மணலில் தட்டடவு பயில்வது மட்டும் வேண்டாம். கால் புதைந்து முறுகும்.

அடவுகளுள் சமநிலையை நன்றாகச் சோதிப்பது நாட்டடவு. ஒரு கால் அரைமண்டியில் மடிந்திருக்க, மற்றக் கால் பக்கவாட்டில் நீண்டு குதிகாலால் நிலத்தைத் தொடும். நீட்டிய காலின்மேல் பிள்ளைகள் தம்மையறியாமற் சாய்ந்துவிடுகின்றனர். பிறகு அதனைத் திரும்ப எடுக்கும்போது உடல் முழுவதும் ஒருமுறை குலுங்குகிறது. நீட்டுவதற்கு ஒரு கணம் முன்பே உடலின் நிறை ஊன்றிய பாதத்தின் நடுவுக்கு வந்துவிட வேண்டும். வந்துவிட்டதா என்று அறிய, நீட்டிய குதிகாலை இருந்த இடத்திலேயே ஒரு விரற்கடை உயர்த்திப் பார்க்கலாம். உடல் அசையாமல் குதிகால் மட்டும் எழுமாயின் நிறை சரியான இடத்தில் இருக்கிறது. குதித்துமெட்டு அடவில் விரல்நுனியில் எழும்போதும் இதுவே சோதனை. கணுக்கால் வெளிப்புறம் சாய்கிறதா, குதிகால் இறங்கும்போது முழங்கால் தன் விரல்களின் மேலேயே இருக்கிறதா என்று முதற்காலத்தில் நின்று பார்க்கவேண்டும். முதற்காலத்தில் அமையாதது மூன்றாங்காலத்தில் அமைந்ததுபோல் தோன்றுவது வேகத்தின் மாயம்.

காரைநகரில் ஈழத்துச் சிதம்பரம் என வழங்கும் சிவன் கோவிலில் மார்கழித் திருவாதிரைக்கு மக்கள் திரள்கின்றனர். அங்கே எழுந்தருளும் ஆடவல்லானின் திருக்கோலத்தைப் பக்தியோடு காண்போர் ஒருமுறை நடன மாணாக்கியின் கண்ணாலும் காணலாம். வலக்கால் முயலகன்மேல் ஊன்றி மடிந்திருக்கிறது. இடக்கால் குறுக்கே தூக்கியிருக்கிறது. கைகள் நான்கும் நான்கு திசையில் விரிந்தும் திருமுகம் சிறிதும் சரியவில்லை. ஊன்றிய தொடை திரும்பியிருக்கும் அளவைப் பாருங்கள். அது மிதமான திருப்பமே. சிற்பி பாதத்தைப் பக்கவாட்டுக்குத் திருகவில்லை. மடிந்த முழங்காலின் திசையை ஒட்டியே பாதத்தை வைத்தான்.

காலம் பற்றியும் சில சொல்லவேண்டும். சிலப்பதிகாரத்து மாதவி ஐந்து வயதில் தொடங்கி ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் வயதில் அரங்கேறினாள் என்பது காவியச் செய்தி. அவளுடைய மகள் மணிமேகலையைக் கொண்டுசென்று வைத்த மணிபல்லவம் நயினாதீவே என்பது தீவகத்தாரின் நெடுநாள் நம்பிக்கை. ஆடல்மகளின் மகள் ஆடலைத் துறந்து கால்வைத்த மண்ணிலே இன்று சிறுமியர் அரைமண்டி பயில்கின்றனர். அது நிற்க. ஏழாண்டு என்னும் அளவே இங்கு முக்கியமானது. இன்று மூன்று நான்கு ஆண்டுகளில் அரங்கேற்றத்தை முடித்துவிட விரைவோர் உளர். பதினொன்று முதல் பதினான்கு வயது வரை எலும்பு விரைந்து நீள்கிறது, தசை பின்தங்குகிறது. நேற்று உறுதியாக நின்ற பிள்ளை இன்று தள்ளாடுகிறாள். அவள் சோம்பியதனால் அன்று, உடல் தன் புதிய அளவை இன்னும் அறியாததனால். அரங்கேற்றம் பெரும்பாலும் இந்த வயதிலேதான் வைக்கப்படுகிறது. இக்காலத்தில் திருப்பத்தைப் பெருக்க முயலாமல், உள்ளதைக் காத்து, தட்டின் ஓசையைப் பாதியாகக் குறைத்துப் பயிற்றும் ஆசிரியை அறிவுடையவர்.

வலியையும் பகுத்தறிய வேண்டும். பயிற்சிக்கு மறுநாள் தொடையிலும் பிட்டத்திலும் தோன்றி இரண்டொரு நாளில் மறையும் நோவு தசையின் நோவு, அதற்கு அஞ்சவேண்டியதில்லை. முழங்காலின் உட்பக்கத்தில் குத்தும் வலி, படியிறங்கும்போது சில்லெலும்பின் அடியில் எழும் வலி, கணைக்காலின் முன்னெலும்பில் விரல் வைத்தால் ஓரிடத்தில் மட்டும் சுடும் வலி ஆகியவை வேறு. இவற்றை எண்ணெய் பூசி மறைத்துக்கொண்டு ஆடுதல் கூடாது. தீவிலிருந்து யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்குச் செல்வதென்றால் ஒருநாள் உழைப்பு வீணாகுமே என்று பெற்றோர் தயங்குவது இயற்கை. ஆயினும் மூன்று வாரம் நீடித்த முழங்கால் வலியுடைய பிள்ளையை அந்த ஒருநாள் செலவிட்டேனும் காட்டிவிட வேண்டும். பதினாறு வயதில் நடனத்தைக் கைவிட்டு, முப்பதில் கிணற்றடியில் குந்தி எழ முடியாதிருக்கும் பெண்கள் கதைகளில் மட்டும் உள்ளவர்கள் அல்லர்.

பரீட்சகர்களுக்கும் ஒரு சொல். பாதத்தின் விரிவுக்கு இடும் புள்ளியை முழங்காலும் பாதமும் ஒரே திசையில் நிற்பதற்கு இட்டால், அடுத்த ஆண்டே வகுப்பறைகள் மாறும். ஆசிரியைகள் புள்ளி விழும் இடத்தை நோக்கியே கற்பிக்கின்றனர். அவர்களைக் குறைகூறிப் பயனில்லை.

தேர்வு நாளைப் பற்றிய நடைமுறைச் செய்தி ஒன்று எஞ்சியுள்ளது. நெடுந்தீவுப் பிள்ளை யாழ்ப்பாணத்தில் தேர்வுக்குத் தோற்றவேண்டுமாயின் விடியுமுன் எழுந்து, ஒரு மணி நேரம் படகில் வந்து, குறிகட்டுவானில் இறங்கி, பஸ் ஏறி, பண்ணைப் பாலத்தைக் கடந்து செல்லவேண்டும். சோளகக் காற்று வீசும் மாதங்களில் படகு நன்றாகவே ஆடும். கரையில் இறங்கியபின்னும் தரை அசைவதுபோலத் தோன்றுவதைக் கடற்பயணம் செய்தோர் அறிவர். உட்செவியும் கால்களும் அலைக்குப் பழகிவிட்டு, நிலத்துக்குத் திரும்பச் சிறிது நேரம் எடுத்துக்கொள்கின்றன. அந்தக் கலக்கத்தோடு ஒற்றைக்காலில் நின்று தடுமாறிய பிள்ளைக்குப் பயிற்சி போதாது என்று முடிவு கட்டுவது நியாயமன்று. கூடுமானால் முதல்நாளே வந்து தங்குதல் நன்று. இயலாதவர்கள் அரைமணி முந்தியாவது சென்று, சிறிது தண்ணீர் அருந்தி, செருப்பைக் கழற்றி வெறுங்காலோடு மண்டபத்தைச் சுற்றிப் பத்து நிமிடம் நடந்து, சுவரருகே ஒவ்வொரு காலிலும் சிலமுறை நின்று பார்க்கவேண்டும். தரை அசைவது நின்றபின் சதங்கையைக் கட்டிக்கொள்ளலாம்.